சேனாதிபதி திருப்பிய கோப்பை

தகரக் கூரைமேல் ஐப்பசி மழை கொட்டும்போது பக்கத்தில் இருப்பவன் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துதான் நான் மனிதர்களை எடைபோடக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட லட்சணம் எப்படிப்பட்டதென்றால், என் ஸ்டெல்லா அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் எங்கள் அப்பாவுக்கு விஷம் வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று பத்து வயதில் முழு மனதோடு நம்பினேன். சிரிக்க வேண்டாம். அந்தப் படத்தை அந்தக் கொட்டகையில் அந்த மழையில் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் பெருமாள்மலையில், பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் சாலை பிரிகிற முக்கில் அப்பாவின் பஞ்சர் கடை இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே இருந்தது சினிமாக் கொட்டகை. மேலே தகரம், பக்கத்தில் அரைச்சுவர், மிச்சத்துக்குத் தார்ப்பாய். மேகம் டிக்கெட் எடுக்காமலே உள்ளே நுழைந்து திரைக்கும் எங்களுக்கும் நடுவில் உலாவும். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கடலைப் பொட்டலத்தைக் கதகதப்புக்காக மடிக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு மேட்னி பார்ப்போம்.

அந்த ஐப்பசியில் வந்தது ஒரு ராஜா படம். யானை, தேர், போர், ஊரே கொள்ளாத அரண்மனை. பக்கம் பக்கமாக வசனம் பேசுகிற படம். கீழே மதுரையில் அந்த வசனங்களை ஆட்கள் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு திரிந்தார்களாம். எங்களுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. ராஜா வாயைத் திறப்பார், மழை பேசும். ராணி வாயைத் திறப்பாள், மழை இன்னும் ஓங்கிப் பேசும். காதுக்குச் சோலி இல்லாமல் போனதால், இருக்கிற வேலை முழுவதும் கண்ணின் தலையில் விழுந்தது.

அதனால் கீழே உள்ளவர்கள் பார்க்காததையெல்லாம் நாங்கள் பார்த்தோம். ராஜா சபையில் கையை ஓங்கி முழங்கிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கால் விரல்கள் சிம்மாசனத்துக்கு அடியில் பாதரட்சையைத் தேடித் துழாவின. மகன் போருக்குக் கிளம்புகிறபோது ராணி அழவில்லை. மாலையில் வாடிய பூக்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ராணியின் தம்பிமேல் ஜனங்கள் பூப்போட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே தோளில் விழுந்த இதழை நகத்தால் சுண்டிவிட்டு, விரலைப் பக்கத்தில் நின்ற சேவகனின் துண்டில் துடைத்துக்கொண்டான். இளவரசன் யானையின் காதைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.

"ராஜாவுக்கு உள்ளுக்குள்ள பயம்லே. கால பாத்தியா?" என்பாள் அக்கா, வீட்டுக்கு நடக்கும்போது. நான் யானையைத்தான் பார்த்திருப்பேன். ஆனாலும் "பாத்தேன், பாத்தேன்" என்பேன்.

இதில் சேனாதிபதிதான் சிக்கலான ஆள். ராஜாவுக்குப் போகிற கோப்பையை வாங்கிக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டித் திரும்புவார். முழங்கை ஒருமுறை உயர்ந்து தாழும். பிறகு கோப்பையைத் தட்டில் வைத்து, கட்டைவிரலை விளிம்பில் பதித்து, மெதுவாக அரைச் சுற்றுத் திருப்பி நீட்டுவார். ராஜா குடிப்பார். உடனே ஒருவன் ஓடிவந்து என்னமோ சொல்லுவான், மழை அதை விழுங்கிவிடும். ராஜா எழுந்து, தூணைப் பிடித்து, தடாலென்று சரிவார். சேனாதிபதி குதிரையேறிப் பறப்பார்.

"ஏலே, வெஷத்தக் கலக்கிட்டான்லே!" என்று லாரி கிளீனர் பாண்டி அண்ணன் எழுந்து நின்று அலறினார். அந்தச் செய்தி பெஞ்சு பெஞ்சாகப் பின்னுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு சேனாதிபதி எப்போது வந்தாலும் திரைமேல் கடலைத் தோல் பறந்தது. கடைசியில் அவர் மார்பில் அம்பு பாய்ந்து விழுந்தபோது பெருமாள்மலையே கைதட்டியது. நான் விசிலும் அடித்தேன்.

அக்கா மட்டும் தட்டவில்லை. "வெஷம் வச்சவன் கோப்பைய அம்புட்டுப் பதனமா திருப்புவானா?" என்றாள்.

"ஸ்டெல்லாப் பிள்ள, நீ வெள்ளந்தி. வெஷம் வைக்கிறவன்தான் பதனமா இருப்பான்" என்றார் பாண்டி அண்ணன். அவர் உலகம் பார்த்தவர், பொள்ளாச்சிவரை போயிருக்கிறார். நான் அவர் கட்சியில் சேர்ந்தேன்.

அடுத்த ஞாயிறே பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை ஜோசப், கொடைக்கானலில் வயர்மேன். கோவில் திருவிழாவுக்கு ஏணிமேல் நின்று விளக்குச் சரம் மாட்டியபோது அக்கா அவரைப் பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை வெள்ளனே எழுந்து சடையைப் பின்னுவதும் அவிழ்ப்பதுமாக இருந்ததில் அது வீட்டுக்கே தெரிந்துபோயிற்று. சிக்கல் மாப்பிள்ளையின் அம்மா மதலேனம்மாதான். அவர் ஒரு வெள்ளைக்கார மிஷன் பங்களாவில் பீங்கான் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். கப்பைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார் என்று பேர். வடகவுஞ்சியில் ஒரு பெண்ணை, சாஸரில் மஞ்சள் கறை இருந்ததற்காகவே வேண்டாம் என்று எழுந்து வந்தவர். அக்காவுக்கு ஏற்கெனவே ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அம்மா பக்கத்து வீட்டு டீச்சரிடம் ரோசாப்பூ போட்ட கப்புகள் ஆறை இரவல் வாங்கி, அவசர அவசரமாகக் கழுவி அடுக்கினாள். என்னை மூலையில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார வைத்து, "வாயத் தொறந்த, அம்புட்டுத்தான்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அதுதான் வினை.

அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். முறைப்படி முதலில் மதலேனம்மாவிடம் குனிந்தாள். நீட்டும்போதே அவள் முகம் திடீரென்று வெளுத்தது. வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். மதலேனம்மா கையை உயர்த்துவதற்குள் மாப்பிள்ளை குறுக்கே எட்டி, தன் அம்மாவுக்கு முன்னால் இருந்த கப்பைச் சாஸரோடு எடுத்துக்கொண்டார்.

"என்னடா அவசரம், பெரியவுகளுக்கு முன்னாடி?" என்றார் மதலேனம்மா.

அவர் அசடுபோலச் சிரித்தார். பிறகு, கட்டைவிரலை விளிம்பில் பதித்து, கப்பை மெதுவாக அரைச் சுற்றுத் திருப்பினார்.

என் தலைக்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. அதே விரல், அதே சுற்று. திருப்பிய கப்பை அவர் முக்காலியில் வைத்தார். மதலேனம்மாவுக்கு வேறொரு கப்பைக் கொடுத்துவிட்டு, அக்கா அப்பாவின் கப்பையும் அதே முக்காலியில் வைத்தாள். அப்பா லாரி டியூபில் வெடிப்பு எப்படி விழுகிறது என்பதை விளக்கிக்கொண்டே, பார்க்காமல் முக்காலிப் பக்கம் கையை நீட்டினார். ராஜாவும் இப்படித்தான் பார்க்காமல் நீட்டினார்!

டிரங்குப் பெட்டியிலிருந்து நான் எப்படிப் பறந்தேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. திருப்பிய கப்பைத் தூக்கி, கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். நாக்கு வெந்தது. அதோடு, உதட்டில் சுருக்கென்று ஏதோ கடித்தது. தொட்டுப் பார்த்தேன்: ரத்தம். அடடா, எவ்வளவு வெரசா வேலை செய்கிற விஷம்!

கப்பும் கையுமாகக் கொல்லைக்கு ஓடி, வேறு எந்த ஜீவனும் அதை நக்கிச் சாகக்கூடாதென்ற பெரிய மனதோடு கப்பைப் பள்ளத்தில் வீசிவிட்டு, பேரிக்காய் மரத்தடியில் மல்லாந்து படுத்து மார்பில் கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். பம்பரம் டீச்சர் மகனுக்கு. கோலிக்குண்டுகள் யாருக்கும் இல்லை, கூடவே புதைக்கட்டும். கோவில் தோட்டத்துக் கொய்யாக்களைத் திருடியதைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் சாகிறோமே என்ற கவலைதான் வயிற்றைப் பிசைந்தது. அதுவும் விஷத்தின் வேலையென்றே நினைத்தேன்.

கண்ணைத் திறந்தால் கொலைகாரர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னும் எம்புட்டு நேரமாகும்?" என்றேன்.

"எதுக்கு தம்பி?"

"சாக."

அவர் என் உதட்டைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து அழுத்திப் பிடித்தார். "இது சாகுற காயம் இல்லையே. கப்பு எங்க?"

"பள்ளத்துல."

அவர் எட்டிப் பார்த்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டு, "நல்லதாப் போச்சு" என்றார்.

பார்த்தீர்களா! தடயம் அழிந்ததில் என்ன சந்தோஷம்! நான் அலறியதில் மரத்திலிருந்த காக்காய்கள் எழுந்து பெருமாள்மலை உச்சிப் பக்கம் பறந்தன.

உள்ளே மதலேனம்மா என் அம்மாவிடம், "பையனுக்கு அடிக்கடி இப்படி வருமோ?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கதவுக்குப் பின்னால் அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள். மாப்பிள்ளை என்னைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து, "தம்பிக்கு விக்கல்மா. சூடா எதையாச்சும் மடக்குன்னு குடிச்சா நிக்கும்னு எவனோ சொல்லியிருக்கான்" என்றார். நான் சாகக் கிடக்கிறவன் என்பதால் மறுக்கவில்லை.

மதலேனம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் காலிக் கப்பைக் கவிழ்த்து, அடியிலிருந்த முத்திரையைப் பார்த்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். "நல்ல பீங்கான். சாமானப் பொழங்கத் தெரிஞ்ச வீடு" என்றார். அப்பா சட்டென்று எழுந்து கும்பிட்டார். ஆறாவது கப்புக்காக டீச்சருக்கு அம்மா ஒரு கோழி கொடுத்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை கை பட்ட எதையும் நான் தொடவில்லை. சந்தேகம் முழுதாகப் போக எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்பட்டது.

அது போனது சித்திரையில். அதே படம் திரும்ப வந்தது. வானம் துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. தகரத்தில் ஒரு சொட்டு இல்லை. அக்காவும் மச்சானும் வந்திருந்தார்கள். முதல்முறையாக அந்த அரண்மனையில் குரல் கேட்டது. ராஜாவின் உயிருக்கு ஆபத்து, இனி எதையும் நீர் ருசிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று ராணி சேனாதிபதியிடம் கேட்டுக்கொள்கிறாள். அவர் முதுகு காட்டித் திரும்பியது தன் உயிரைப் பணயம் வைத்து ஒரு வாய் குடித்துப் பார்க்கத்தான். ஓடிவந்தவன் சொன்னது, இளவரசன் எதிரிகளிடம் சிக்கிக்கொண்டான் என்ற சேதி. ராஜா சரிந்தது அதற்கு. சேனாதிபதி குதிரையில் பறந்தது இளவரசனை மீட்க. அந்த அம்பை அவர் வாங்கியதும் அவனுக்கு முன்னால் பாய்ந்துதான்.

பாண்டி அண்ணன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, "அடப் பாவிகளா, நல்ல மனுசனையால்ல கடலைத் தோலால அடிச்சோம்" என்றார். ஆனால் கோப்பையை ஏன் திருப்பினார் என்று மட்டும் அவ்வளவு வசனத்திலும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காதான் முழங்கையால் என்னை இடித்து, "வாய் வச்ச பக்கம் ராஜாவுக்குப் போயிரக் கூடாதுல்ல" என்று கிசுகிசுத்தாள். சொல்லிவிட்டு, என்னை விட்டுவிட்டு மச்சானைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் கணக்கு அன்று எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த தங்கும் விடுதி நிற்கிறது. ஊரில் பாதிக்குமேல் கான்கிரீட் கூரை. மழை வந்தது ஜன்னலைப் பார்த்தால்தான் தெரிகிறது. மேகம்கூட வாசலில் தயங்கித்தான் நிற்கிறது. போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது டிவியில் அந்தப் படம் ஓடியது. அக்காவின் பேரன் ஏதோ பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டான். "இருக்கட்டும், போடாத" என்றார் மச்சான். சேனாதிபதி கோப்பையைத் திருப்பினார். மதலேனம்மா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது; கடைசிவரை சம்பந்தி வீட்டுப் பீங்கானைப் பற்றிப் பெருமை பேசியவர். அந்தத் தைரியத்தில் நான் கேட்டேன்: "மச்சான், அன்னைக்கு நீங்க எதுக்குக் கப்பத் திருப்புனீங்க?"

மச்சான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் சொன்னாள்: "அத்த இருக்குற வரைக்கும் சொல்ல முடியுமாலே? தட்ட நீட்டுன பெறகுதான் நானே பாத்தேன். இவுகளும் பாத்துட்டாக."

அந்தக் கப்பின் விளிம்பு உடைந்திருந்தது. மதலேனம்மா கண்ணில் படாதபடி மச்சான் அதை எடுத்து, உடைந்த இடத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலால் மூடிக்கொண்டார். என் உதட்டைக் கிழித்தது அதுதான்.