பயம் சொன்னதும் நடந்ததும்

மச்சாளின் தம்பி உச்சி வெய்யிலில் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நான் முதலில் கண்டது அதைத்தான். வேலிப் படலையடியில் நின்றபடியே, "மாமி, அக்கா மோசம் போயிட்டா. பிள்ளை இருக்கு," என்றார். அண்ணையின் மனைவி பாக்கியம் மச்சாள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போன இடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். பெண்பிள்ளை பிறந்ததென்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கூட முடியவில்லை.

மயிலிட்டியில் அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய உரத்த சிரிப்பு ஞாபகம் இருக்கும். எனக்கு அவர் கேட்ட கேள்விகள்தான் ஞாபகம். நான் பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் இருந்து இருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஒருநாள், "மச்சாள், வலக்கண் துடிக்குது. என்னவோ நடக்கப்போகுது," என்றேன்.

"ராத்திரி நித்திரை கொண்டனியோ?"

"இல்லை."

"அப்ப கண் நித்திரை கேக்குதடி. போய்ப் படு."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் வந்து இருந்து மெல்லச் சொன்னார்: "பயம் வந்தால் வரட்டும். ஆனால் அது சொல்லுறதெல்லாம் நடந்து முடிஞ்சது எண்டு நினையாதை."

அவருக்குப் பயமில்லை என்று எவரும் நினைக்க வேண்டாம். ஒருமுறை மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்தும் அண்ணையின் வள்ளம் வரவில்லை. அந்திக்கு அம்மா ஏற்றிய விளக்கு அணைந்துபோனது.

"ஐயோ, விளக்கு நூந்திட்டுது! என்ரை பிள்ளை போயிட்டான்!" என்று அம்மா நெஞ்சில் அடித்தார். அயலட்டைப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

மச்சாளின் உதடு வெளிறியிருந்தது. "மாமி, விளக்கு நூந்தது காத்திலை. காத்து எந்தப் பக்கத்தாலை வந்தது? அதைச் சொல்லுங்கோ," என்றார். அவரே கடற்கரைக்கு ஓடிப்போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். "மேற்காலை அடிக்குது. வள்ளம் கிழக்கை இழுபட்டிருக்கும். பருத்தித்துறைப் பக்கம் ஆள் அனுப்புங்கோ."

அந்தப் பக்கத்தில்தான் அண்ணை கரையேறியிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "அழுத அழுகையிலை சோறு ஆக்காமல் விட்டிட்டியளோ?" என்று கேட்டார்.

தாய்வீட்டில் நடந்த மச்சாளின் செத்தவீட்டில் அண்ணை கொள்ளி வைத்துக் குளித்துவிட்டு வந்து சுவரோடு சாய்ந்திருந்தார். பிள்ளை பாயில் கிடந்தது. மச்சாளின் பெரியம்மா பேச்சைத் தொடங்கினார்: "பிறந்த நேரம் கூடாது. தாயைத் திண்டிட்டுது. கடலுக்குப் போற மனிசன் இருக்கிற வீட்டுக்கு இதைக் கொண்டு போகாதேங்கோ. தூரத்திலை ஆருக்கேன் குடுத்திடுங்கோ."

அம்மா மறுக்கவில்லை. அண்ணை தலை நிமிரவில்லை. விடிந்தால் பிள்ளையை யாரோ கொண்டுபோய்விடுவார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயம் போகட்டும் என்று காத்திராமல் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். மச்சாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். பேறு பார்த்த மருத்துவிச்சியைப் பார்த்து, "மச்சாளுக்குக் காய்ச்சல் எப்ப தொடங்கினது?" என்று கேட்டேன்.

"பிள்ளை பிறக்க முதலே. உடம்பு நெருப்பாய்க் கொதிச்சது. பிள்ளை தப்பினதே பெரிய காரியம்."

"அப்ப பிள்ளை என்ன செய்தது?"

"பாருங்கோவன், ஊமைக்கும் வாய் வந்திட்டுது!" என்றார் பெரியம்மா.

அண்ணை பாயின் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கி அவருடைய மடியில் வைத்தேன்.