அலறாத பெட்டி

ஒயர்லெஸ் சிப்களுக்கு ரிசீவர் வடிவமைத்தே ஓய்வு பெற்றவன் நான். மிக மெல்லிய சிக்னலையும் இரைச்சலின்றிப் பெருக்குவேன் என்ற கர்வம் எனக்கு உண்டு.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு அபாயப் பெட்டி செய்துகொடுத்தேன். மருந்து அறையில் சூடு ஏறினால் அங்கிருந்து சிக்னல் வரும். ஆபீஸ் வாசலில் பெட்டி அலறும். அருகில் வலுவான சிக்னல் இருந்தால் என் பெருக்கி திணறி அந்த அபாய சிக்னலைத் தவறவிடும். இது தெரிந்தும், வாக்கிடாக்கி எதுவும் இயங்காத, ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையில் சோதித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

சீசனில் ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது, போர்மேன் பெட்டியருகே நின்று வாக்கிடாக்கியில் லோடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென மருந்து கலக்கும் மாரியம்மாள் ஓடிவந்தார்.

"மருந்து பொங்குது! எல்லாரும் ஓடுங்க!"

பெட்டியில் பச்சை விளக்குதான் எரிந்தது. ஓடினோம். பின்னால் அறை வெடித்துச் சிதறியது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை.

மூச்சு வாங்கியபடி மாரியம்மாள் கேட்டார்: "என்னங்கய்யா, உங்க பெட்டி வாயே தொறக்கல? நாந்தேன் கத்த வேண்டியதாப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மழை ஈரம் இறங்கியிருக்கும்மா" என்றேன்.

"அப்படித்தேன் இருக்கும்" என்று தலையாட்டினார்.

அந்த வாரமே பெட்டியை மாற்றிவிட்டேன். ஆனால், அவர் நம்பிய பொய்யை இன்னும் மாற்றவில்லை.