கை நின்ற இடம்

கனடாவில் சனிக்கிழமை நான் என்ன படம் பார்க்கிறேன் என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? ஊரில் இருந்தபோது சாப்பிட்டாயா என்று கேட்காதவர்கள்கூட இப்போது இதைக் கேட்கிறீர்கள். சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள், சொல்கிறேன்.

மகள் வீட்டு டிவிக்கு ஒரு பழக்கம். ஒரு படத்தை ரசித்துப் பார்த்துவிட்டால் போதும், ஒரு சேலையைத் தொட்டதும் பத்துச் சேலையை விரித்துப் போடும் ஜவுளிக்கடைக்காரரைப் போல, இதுவும் பிடிக்கும் அதுவும் பிடிக்கும் என்று வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும். ஒரு தமிழ்ப் படத்தில் அம்மன் கோயில் பொங்கலுக்குச் சரவெடி போட்டார்கள். அதை நான்கு தடவை திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தேன். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் சரம் பின்னியவள் நான். பின்னல் சரியா என்று பார்க்க வேண்டாமா? டிவி தப்பாக எடுத்துக்கொண்டது. கிழவிக்கு வெடிச் சத்தம்தான் உயிர் என்று முடிவுகட்டி, சண்டைப் படமாக அடுக்கிவிட்டது.

பக்கத்து வீட்டு இசபெல் போர்த்துகல்காரி. என் வயதுதான், அவளுக்கும் புருஷன் இல்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் கம்பளி நூலும் ஊசியுமாக வந்து, கையுறை பின்னிக்கொண்டே என்னோடு படம் பார்ப்பாள். இந்த ஊரில் என்னைத் தேடி வருகிற ஒரே ஆள் அவள்தான்.

டிவி சொன்ன படத்தை ஒரு சனிக்கிழமை போட்டேன். கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஒரு குண்டு வெடித்தது. நான் எழுந்து ஜன்னலுக்கு ஓடிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் எந்தத் திசையில் புகை என்றுதான் முதலில் பார்ப்போம். நம் வீட்டு ஆள் எந்தக் கம்பெனிக்கு வேன் ஏறியது என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும். வெளியே பனி கிடந்தது. புகை இல்லை. திரும்பினால் இசபெல்லும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. மகள் செல்வி போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"ஏம்மா, வந்தவுகளுக்கு முதுகக் காட்டிட்டு நின்னியாமே? வீட்டுக்காரி எந்திரிச்சுட்டா, கெளம்புன்னு அர்த்தமாம்ல."

"நான் பொகை தேடுனேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அவுகளுக்கு ஒண்ணும் வெளங்கல."

இன்னொரு தடவை டிவியை நம்பினால் இருக்கிற ஒருத்தியும் போய்விடுவாள். கம்பெனியில் படம் தேர்ந்தெடுக்க எங்களுக்கு வேறு வழி இருந்தது. முந்தின நாள் படம் பார்த்தவள், சரம் பின்னிக்கொண்டே கதை சொல்வாள்; கேட்கிறவர்கள் கை சில இடத்தில் பின்ன மறந்து நின்றுவிடும். எங்களோடு சரம் பின்னிய முத்துலட்சுமி, படம் எப்படி என்று கேட்கவே மாட்டாள். "எந்த எடத்துலடி எல்லாருக்கும் கை நின்னுச்சு?" என்பாள். மழை பெய்தால் வெடிமருந்து காயாது, வேலை இருக்காது. கை நின்ற இடம் உள்ள படமாகப் பார்த்து அன்றைக்குப் போவோம்.

இசபெல்லின் ஊசி எங்கே நின்றது? அந்தச் சரவெடிப் படத்தை அவளும் என்னோடுதான் பார்த்தாள்; சரவெடிக்கு ஊசி நிற்கவில்லை. அதே படத்தில், சண்டை போட்ட மதினியும் நாத்தனாரும் பேசாமல் உட்கார்ந்து ஒரே முறத்தில் கீரை ஆய்ந்தார்கள். அங்கேதான் நின்றது.

"செல்வி, மதினியும் நாத்தனாரும் சண்ட போட்டுச் சேருற படமா ஒண்ணு தேடு."

"அப்படியெல்லாம் தேட முடியாதும்மா."

"பெறகு அம்புட்டுப் பெரிய டிவி எதுக்கு?"

முறைத்துக்கொண்டே யார் யாரிடமோ கேட்டு ஒரு படம் பிடித்துத் தந்தாள். இசபெல் கதவை நானே தட்டி, ஊசி பின்னுவதுபோல விரலை ஆட்டிக் காட்டினேன். அவள் உள்ளே போய் நூலை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் ஊசி ஆறு இடத்தில் நின்றது. கடைசியில் நின்றதற்கு, கண்ணைத் துடைத்துக்கொள்ள என் முந்தானையை நீட்ட வேண்டியதாயிற்று.

போன வாரம் புதுப்பட்டிப் பேச்சியம்மாள் போனில் வந்தாள். தெருவே அவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏத்தா, அங்கன போயி என்னதான் பாக்க?"

"கையுறைக் கம்பெனியில சூப்பர்வைசர். சனிக்கெழம மட்டும். ஒருத்தி பின்னுவா, அவ கை எங்கன நிக்கிதுன்னு நான் பாக்கணும்."

"ஆத்தி! ஒனக்கு என்ன குடுத்தாக?"

"கையுறைதான். ஒத்தக் கைக்குத்தான் முடிஞ்சிருக்கு. படம் நல்லா அமஞ்சுபோச்சு, மறு கை நகர மாட்டேங்குது."

"அந்தக் கை குளுராதா?"

"அந்தக் கையிலதான போனப் பிடிச்சு ஒங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன்.