முள்ளெலிக்காகக் கேட்ட தவணை

இங்கிலாந்தில் இருந்த கடைசி இரண்டு மாதமும் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு குச்சியை. பல் துலக்குவதற்கு முன்பே, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடுவேன். வேலியோர மூலையில் கவிழ்த்து வைத்த ஒரு மரப்பெட்டி. அதன் மேலும் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த இலை. பெட்டியின் வாசலில் நானே சாய்த்து வைத்த குச்சி அது. விழாமல் இருந்தால் உள்ளே இருக்கும் முள்ளெலி வெளியே வரவில்லை, நிம்மதியாகத் தூங்குகிறது என்று அர்த்தம். "சர்ச்சுக்குக்கூட நீ இவ்ளோ சீக்கிரம் கெளம்புனதில்ல" என்று என் கணவர் டேவிட் கிண்டல் செய்வார்.

அக்டோபரில் ஒருநாள் பட்டப்பகலில் அது புல்தரையில் தள்ளாடிக்கொண்டு வந்தது. என் கைப்பிடி அளவுதான் இருந்தது. வாசலுக்கு வந்த ஜீவனுக்கு நமக்கு என்ன வைக்கத் தெரியும்? கிண்ணத்தில் பால் வைத்தேன். பக்கத்து வீட்டு பமீலா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஐயையோ, பாலை எடு, வயிற்றால் போய்ச் செத்துவிடும்!" என்று கத்தினார். எழுபது வயது, தனி ஆள். அவர் சொல்லித்தான் பூனைத் தீனி வாங்கினேன். சமையலறைத் தராசில் துணி விரித்து அதை நிறுத்துப் பார்த்தேன். குளிருக்கு முன் அது கொழுக்க வேண்டும். பிறகு இலையைச் சுற்றிக்கொண்டு, மூச்சும் நாடியும் அடங்கிப்போய், மார்ச் வரை கிடக்கும். இடையில் யாராவது கலைத்தால் சேர்த்த கொழுப்பெல்லாம் விழிப்பதிலேயே கரைந்துவிடும்; வசந்தத்தைப் பார்க்காது. முற்றத்தில் ஒரு சருகு கிடந்தாலும் திட்டு வாங்கி வளர்ந்த நான், அந்தத் தெரு முழுக்கப் பையோடு அலைந்து சருகு பொறுக்கினேன். நவம்பர் தொடக்கத்தில் அது இலைகளை வாயில் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் போவதைப் பார்த்தபோது, வந்த நான்கு வருடத்தில் முதல்முறையாக அந்த வீடு எனக்கு வீடாகத் தெரிந்தது.

அதே மாதக் கடைசியில் டேவிடுக்கு வேலை போனது. எங்கள் விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போடாத விண்ணப்பம் இல்லை, கெஞ்சாத ஆள் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம் கிளம்பியாக வேண்டும் என்று ஆனது. வீட்டு ஏஜென்சியில் இருந்து மின்னஞ்சல் வந்தது: குடிவந்த அன்று எடுத்த படத்தில் இருப்பதுபோல் தோட்டத்தை ஒப்படைக்க வேண்டும், இலைக்குவியல், பெட்டி, முள்ளெலி வந்துபோக வேலிக்கு அடியில் நாங்கள் வெட்டிய ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் சாவி கொடுத்த மறுநாள் காலை ஆட்கள் இயந்திரத்தோடு வந்து சுத்தம் செய்வார்கள். ஏஜென்சியில் ஜெம்மா என்ற பெண்ணிடம் போனில் மன்றாடினேன். மார்ச் வரை அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.

"அது உங்கள் செல்லப்பிராணியா? ஒப்பந்தத்தில் பிராணிகளுக்கு அனுமதி இல்லையே."

"இல்லை, காட்டு முள்ளெலி. என்னுடையது இல்லை."

"அப்படியானால் நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை" என்றாள், எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோல.

என்னுடையது என்றால் குற்றம், இல்லை என்றால் பேச எனக்கு உரிமை இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன பேசுகிறோம் என்று தெரியாமலேயே, "எங்கள் ஊரில் மார்கழி மாதத்தில் யாரையும் வீட்டை விட்டுக் கிளப்ப மாட்டார்கள்" என்றேன். அவள் மிகுந்த அக்கறையோடு, இதை மதம் சார்ந்த கோரிக்கையாகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டாள். நான் கிறிஸ்தவள் என்றேன். அவள் எதையும் பதியாமல் போனை வைத்தாள்.

ஆனால் நான் சொன்னது பொய் இல்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். அப்பா நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர், நிலமெல்லாம் மனையான பிறகு ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை பார்த்தார். மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று ஓனர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சொந்த ஊரில் எங்கள் தெரு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் யாரும் எங்களுக்கு வீடு தரவில்லை. அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, போக இடமில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அப்போது ஓனர் வாசலில் வந்து நின்றார். "மார்கழி பொறந்துட்ச்சி நைனா. இந்த மாசத்துல ஒருத்தர வூட்ட வுட்டு கெளப்புனா எனக்குதான் ஆவாது. தை பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." மார்கழியும் ஆடியும் எங்கள் கணக்கில் கிடையாது. அவர் கணக்கில் இருந்தது, அது எங்களுக்குப் போதுமாக இருந்தது. அந்த ஒரு மாதத்தில் அப்பா எப்படியோ வீடு பிடித்துவிட்டார்.

சாவி கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள், இயந்திரம் வருவதற்குள் நானே பெட்டியை இடம் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். பமீலா தன் தோட்டத்துப் புதருக்கு அடியில் அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார். புல் உறைந்து கண்ணாடிபோல் நொறுங்கியது. டேவிட் அகலமான பலகையைப் பெட்டிக்கு அடியில் செருக, இருவருமாகத் தூக்கினோம். கனமே இல்லை. வேலியைத் தாண்டும்போது உள்ளே இருந்து ஒரு சத்தம்: புஸ், புஸ் என்று வேகமான மூச்சு. விழித்துவிட்டது. இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அதை என் கையாலேயே செய்துவிட்டேன். பெட்டியின் மேல் இலையை அள்ளி அள்ளிப் போட்டேன், போதும் என்று பமீலா என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை. மறுநாள் விமானம் ஏறினோம்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறோம். டேவிட் தினமும் சிறுசேரிக்கு இன்டர்வியூவுக்குப் போய்வருகிறார். பமீலாவிடம் இருந்து வாரம் ஒருமுறை செய்தி வருகிறது: தீனி அப்படியே இருக்கிறது, எதுவும் தெரியவில்லை, நம்பிக்கையோடு இரு. "எம்பொண்ணு வந்துட்டா, இனிமே இங்கதான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். நான் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை, வாசலில் உதிர்ந்த பாதாம் இலைகளைக் கூட்டிக் குவித்துவிட்டு அம்மா தீக்குச்சி கிழித்தார். நான் உள்ளே இருந்து கத்திக்கொண்டே ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். மண்டிபோட்டு, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன்.

"இன்னாடி ஆச்சி உனக்கு? அதுல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பூச்சி பொட்டு இருக்கப்போவுது, கைய எடு."

வெயில் ஏறி இலைகள் வெதுவெதுப்பாக இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். அடித்தரை வரை தடவிப் பார்த்து முடிக்காமல் என்னால் கையை எடுக்க முடியவில்லை.