வெடித்தால்தான் கல்யாணம்

போன வாரம் காலையில் மலர் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிற பெண், "அம்மா போயிட்டா, ஆன்ட்டி" என்று தமிழில் சொன்னாள். நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய இந்த ஒனிஹங்காவில் அவர் வீட்டில் ஒரு வாய் தேநீராவது குடித்த உங்களுக்கு அந்தத் துக்கத்தை நான் விளக்க வேண்டுமா? ஆனால் ஒப்பாரி வைத்தால் அக்கா எழுந்து வந்து ஏசுவார். அதனால் அவர் ஜெயித்த கதையைச் சொல்கிறேன்.

அக்கா யாழ்ப்பாணம், நான் மதுரை. எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஜப்பானின் ஒக்கினாவாத் தீவிலிருந்து வந்த யொஷிக்கோ. சில வருடங்களுக்கு முன் அவர் மகனுக்குக் கல்யாணம். தீவிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா வருகிறார். விருந்தில் சாட்டா அண்டாகி இருந்தே ஆக வேண்டும். மாவும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்த உருண்டை அது. அக்கா ஊர் வாழைப்பழ வாய்ப்பனுக்குத் தூரத்துச் சொந்தம். அந்த நேரம் பார்த்து யொஷிக்கோ வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு வேலியோரம் நின்று அழுதார்.

"வா பிள்ளை, நாங்கள் பொரிச்சுக் குடுப்பம். இதென்ன பெரிய வித்தையே!" என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மாவை அடித்துப் பிசைந்தார். எண்ணெய் தொட்ட கையால் வழுவழுவென்று உருட்டினார். பொரிந்து வந்ததில் ஒரு கீறல் இல்லை. நம் வீட்டில் பலகாரம் வெடித்தால் என்ன ஆகும்? சீடை வெடித்த அன்று என் மாமியார் பேசிய பேச்சு இன்னும் காதில் கிடக்கிறது. "என்னா அழகுக்கா!" என்று நான் கொண்டாடினேன்.

யொஷிக்கோ தட்டைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது. எண்ணெயில் உருண்டை வாய் பிளக்க வேண்டுமாம். அந்தப் பிளவுதான் சிரிப்பாம். சிரிக்காத உருண்டையைக் கல்யாணத்தில் வைத்தால் பெரியம்மா மனம் நொந்துபோவாராம்.

"கேட்டியே? வெடிச்சாத்தானாம் கலியாணம்! வெடிக்கப்படாதெண்டெல்லோ நான் இவ்வளவு பாடுபட்டனான்!" அக்காவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுபடி மாவு. இந்த முறை பிசையாமல் கிளறி, சற்று ஊறவிட்டார். ஏலக்காய் டப்பாவை நான் எடுத்ததும், "வை அதை! இது அவையின்ரை கலியாணம்" என்று அதட்டினார். அடுப்பைத் தணித்து, மாவைக் கைப்பிடிக்குள்ளிருந்து பிதுக்கி விட்டார். உருண்டை அடியில் கிடந்தது, மெல்ல மிதந்தது, தானே புரண்டது. பிறகு பளிச்சென்று வாய் பிளந்தது! நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

கல்யாண மண்டபத்தில் பெரியம்மா ஒன்றை எடுத்து, பிளவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்தார். யார் பொரித்தது என்று கேட்டார். நாமாக இருந்தால், "ஐயோ, அது ஒண்ணுமில்ல" என்று நெளிந்திருப்போம். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நான்தான் பொரிச்சனான்!" தமிழில்தான். யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பெரியம்மா அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மாப்பிள்ளை வீட்டாரின் மேசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

நேற்று அக்காவின் எட்டுச் செலவு, அவர் போன எட்டாம் நாள் படையல். அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம். யொஷிக்கோ மாவு கிளற, நான் பொரித்தேன். படையலைப் பார்த்த ஒரு பெரியவர், "இதென்ன, எல்லாம் வெடிச்சுக் கிடக்கு? ஆர் சுட்டது?" என்று முகம் சுளித்தார். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நிமிர்வு ஒன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடே கேட்கும்படி சொன்னேன்: "நான்தான் சுட்டேன்!"