நேரம் தப்பிய சங்கு

எழுபதுகளில் ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம், சாப்பாடு அடைக்கும் தகரப்பேணி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். எனக்கு எதிரே நின்றவன் ஒரு வெள்ளைக்காரக் கிழவன். கனடாவின் கிழக்குக் கரையில், நிலக்கரி தோண்டிய துறைமுகப் பட்டினம் ஒன்றிலிருந்து வந்தவன். சுரங்கத்தை மூடினார்கள், கரி ஏற்ற வந்த கப்பல்களும் நின்றன, ரொறன்ரோவுக்குப் பிழைக்க வந்துவிட்டான். சாப்பாட்டு நேரமெல்லாம் ஊர்ப்புராணம்தான். சுரங்கத்துச் சங்கு நேரம் தப்பி ஊதினால் உள்ளே யாரோ ஒருவன் செத்துவிட்டான் என்று அர்த்தமாம். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம். வேலை செய்யும் அத்தனை பேரும் மேலே வந்துவிடுவார்கள்; அடக்கம் முடியும்வரை ஒருவனும் கீழே இறங்கமாட்டான். எங்கள் பக்கமும் செத்தவீட்டில் சங்கு ஊதுவோம் என்று என் ஓட்டை இங்கிலீசில் சொன்னேன். கிழவனுக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு தை மாதம், தகரம் வெட்டும் மெசினில் நின்ற போர்த்துக்கீசன் அதற்குள் இழுபட்டுச் செத்தான். ஃபோர்மன் நிலத்தைக் கழுவுவித்தான். பிறகு, நாசமாய்ப் போவான், வேலை தொடங்கச் சங்கை ஊதினான்!

கிழவன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு நானும் போனேன்.

மற்றவர்களும் வருவார்கள் என்றான் கிழவன். பனிக்குள் நின்றோம். கால் விறைத்தது. உள்ளே மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் வேலைக்குத்தான் சங்கு ஊதியாயிற்று என்று எனக்கு விளங்கிவிட்டது. கிழவன் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் வந்தது ஒரு வான். ஃபோர்மன் அவசரமாகக் கூப்பிட்ட புது ஆட்கள். முதலில் இறங்கியவன் எங்கள் அப்பார்ட்மென்ட் மேல்மாடிப் பொடியன், யாழ்ப்பாணத்தான். அவனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடு என்று ஃபோர்மனிடம் மன்றாடியவளே நான்தான்.

"அக்கா, வேலை கிடைச்சிட்டுது! எல்லாம் உங்களாலதான். ஏன் வெளியில நிக்கிறியள்?"

"உள்ள ஒருத்தன் செத்துப்போனான். அடக்கம் முடியுமட்டும் போகாதை தம்பி."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. அவன் ஆர் எங்களுக்கு?"

கதவு அவனுக்குத் திறந்து, மூடியது.

உன் ஊர்க்காரன் என்ன சொன்னான் என்று கிழவன் ஆவலோடு கேட்டான்.

"அடக்கம் எப்போது என்று கேட்டான்" என்றேன்.