கேன், சார்

எல்லப்பன் கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளில் பதினெட்டு வருஷமாகத் தண்ணி கேன் போட்டவன். தோளில் கேனோடு படியேறி, கதவைத் தட்டி, "கேன், சார்" என்பான். உள்ளே இருப்பது பொம்பளையானாலும் சார்தான். பதில் வருமுன்னே "எத்தினி?" என்றும் கேட்டுவிடுவான். வாய் பழகிப்போனது.

அதனால்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்வாதி ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, மெதுவாக "கேன்சர்" என்றபோது, அவன் யோசிக்காமல் "எத்தினி?" என்றான்.

டாக்டர் அதை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "ரெண்டு. ஒண்ணு பெருங்குடல்ல, ஒண்ணு ஈரல்ல."

பக்கத்தில் இருந்த மச்சான் தமிழ்வாணன் சுவரைப் பார்த்துக்கொண்டான். பெண்டாட்டியின் தம்பி, கேன் வண்டியை ஓட்டுகிறவன்.

குடலில் இருந்ததை வெட்டி எடுத்தார்கள். ஈரலில் இருப்பதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ஊசி. "முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். வச்சுக்கிட்டே நல்லா இருக்கலாம். நடங்க, வேளைக்குச் சாப்பிடுங்க. வெயிட்டு மட்டும் தூக்காதீங்க. வீட்டுல முடங்காதீங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் முடக்கத்தான் எல்லோரும் ஏற்பாடு செய்தார்கள். சொந்தக்காரர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்த சின்னப்பொண்ணு பெரியம்மா அவன் கன்னத்தைத் தடவி, "எப்பிடி இருந்தவன்" என்றாள்.

"இன்னும் கீறேன் பெரிம்மா" என்றான்.

ஊசி போட்ட வாரம் சோறு மண் மாதிரி இருக்கும். பச்சைத் தண்ணியில் கை வைத்தால் விரலெல்லாம் முள் குத்தும். ஊருக்கே தண்ணி போட்டவனுக்கு வெந்நீர்தான். மீதி ரெண்டு வாரம் அவனுக்கு ஒன்றும் இல்லை. அந்த ரெண்டு வாரத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தால் ஈரல் ஞாபகம் வந்தது.

நாலு மாசம் பொறுத்துவிட்டு, பெண்டாட்டி ஜோதிலட்சுமியிடம் சொன்னான். "நான் லைனுக்குப் போறேன். தூக்கறது உன் தம்பி. கதவு தட்டறது மட்டும் நானு."

"படியில மயக்கம் வந்தா?"

"உக்காந்துக்கறேன்."

அவள் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள். நடக்கட்டும் என்றார் டாக்டர். "ஒரு நாள் பாக்கறேன். சோந்துபோயி வந்தீனா அதோட வூட்டுல கெட" என்றாள் ஜோதிலட்சுமி.

மறுநாள் காலை முதல் கதவு. தட்டிவிட்டு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"இன்னா மாமா, கூப்புடு. கனக்குது" என்றான் தமிழ்வாணன், தோளில் கேனோடு.

"கேன், சார். சேத்துச் சொல்லிப் பாரு."

தமிழ்வாணன் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். "பேஜாரா பூட்ச்சே" என்றான்.

பதினெட்டு வருஷமாகக் கதவு கதவாக எதைக் கூவியிருக்கிறோம் என்று எல்லப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவு ஒரு சாண் மட்டும் திறந்தது. "தண்ணி, சார்" என்றான் மாற்றி.

புதுசாகக் குடிவந்த ஆள். கடிகாரத்தைப் பார்த்தான். "காலங்காத்தாலயா? நமக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க." சாத்திக்கொண்டான்.

அடுத்த வீட்டில் தட்டிவிட்டுச் சும்மா நின்றான். கோயில் வசூல் என்று நினைத்து, "அவர் ஊர்ல இல்ல" என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

ரெண்டு மாடி ஏறியாயிற்று. ஒரு கேன் இறங்கவில்லை. ஜோதிலட்சுமி போன் பண்ணினாள். "எப்பிடிக் கீற?"

"நான் நல்லா கீறேன். யாவாரந்தான் படுத்துக்கிச்சு."

மூன்றாம் மாடி சகுந்தலா டீச்சர் வீடு. பழைய வாடிக்கை. எல்லப்பன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினான். ஆனது ஆகட்டும் என்று பழைய தொண்டையில் கூப்பிட்டான். "கேன், சார்."

கீழ் மாடி வரைக்கும் கேட்டது.

"எல்லப்பனா?" உள்ளிருந்து டீச்சர் குரல். "நாலு மாசமா எங்கப்பா போன? ரெண்டு வை."

எல்லப்பன் திரும்பிப் பார்த்தான். தமிழ்வாணன் தோளில் ஒரு கேன்தான் இருந்தது.

"ஒண்ணுதாம்மா கீது" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ண எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தாங்க?"

"டாக்டரு."

தமிழ்வாணன் கேனை இறக்கிவைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று எல்லப்பன் குனிந்து பார்த்தான். சிரிப்பு. ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்தவன் அதற்கப்புறம் எல்லப்பன் எதிரில் சிரித்தது அன்றைக்குத்தான்.

"இன்னாடா இளிப்பு? கீழ போயி இன்னொண்ணு எடுத்தா" என்றான் எல்லப்பன்.

அன்றைக்கு மீதி எந்த வீட்டில் எல்லப்பன் "கேன், சார்" என்றாலும் பின்னால் தமிழ்வாணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வண்டி காலியாகி வீடு திரும்ப மணி பத்தரை. ஜோதிலட்சுமி வாசலிலேயே நின்று புருஷன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தம்பி முகத்தை.

"இன்னாடா, கண்ணெல்லாம் செவந்து கீது?"

"அவன்தான் சோந்துபோயிட்டான்" என்றான் எல்லப்பன். "அவன வோணா வூட்டுல போடு. எனுக்கு நாஸ்தா வை. ஊசி அடுத்த செவ்வாதான். அதுவரிக்கும் லைனுக்குப் போவேன்."